வழியில் நிற்காத வண்டி

என் அன்பு அண்ணன் அப்பாஸுக்கு,

ஆரணியிலிருந்து ஏகாம்பரம் எழுதுகிறேன். அந்தப் பெயர் கடைசிவரை உன் வாயில் நுழையவே இல்லை. எங்கள் வீட்டில் பட்டு நெய்கிறவர்கள் என்று தெரிந்ததும் எனக்கு ‘அபு ஹரீர்’ என்று பெயர் வைத்தாய். பட்டுக்காரன். பஸ்ரா பட்டறையில் அதுவே நிலைத்துவிட்டது. உன் அபு ஹரீர்தான் எழுதுகிறான் என்று வைத்துக்கொள்.

உனக்குத் தமிழ் தெரியாது. உனக்குத் தெரியாத பாஷையில் எழுதுவதில் எனக்கு ஒரு சௌகரியம் இருக்கிறது. உங்கள் ஊரில் யாரும் இதைப் படித்துவிட்டு உன் அம்மாவிடம் போய்ச் சொல்ல மாட்டார்கள். எங்கள் ஊரில் நாலு பேர் படிக்கட்டும், பரவாயில்லை. நாம் இரண்டு பேரும் பேசிக்கொண்டது பாதி அரபி, பாதி இந்தி, கொஞ்சம் கை ஜாடை. அதையெல்லாம் இங்கே ஆரணிப் பேச்சில்தான் எழுதப்போகிறேன். எனக்கு அது அப்படித்தான் ஞாபகம் இருக்கிறது.

முதலில் ஊர் சேதி. ஈராக்–ஈரான் சண்டை நின்றுவிட்டது அண்ணே. ரேடியோவில் சொன்னபோது நான் ஒரு லாரிக்கு அடியில் படுத்து வேலை செய்துகொண்டிருந்தேன். வெளியே வந்து கையைத் துடைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டேன். “யாரு ஜெயிச்சாங்களாம்?” என்று லாரி டிரைவர் கேட்டார். எல்லைக்கோடு பழையபடி அதே இடத்தில்தான் இருக்கிறதாம். அப்படியென்றால் நீ எதற்குப் போனாய்?

அடுத்த சேதி, யூசுப் பாய் வந்திருக்கிறார். நம் பட்டறையில் வெல்டிங் செய்தாரே, வந்தவாசிக்காரர், அவர்தான். நான் ஊருக்கு ஓடிவந்த பிறகும் அவர் அங்கேயே இருந்தார். இப்போது லீவில் வந்தவர் பஸ் ஏறி என் கடைக்கே வந்துவிட்டார். உட்காரச் சொன்னால் உட்காரவில்லை. சட்டைப்பையிலிருந்து ஒரு கேசட்டை எடுத்து என் கையில் வைத்தார்.

“அப்பாஸோட அம்மா குட்தாங்கபா. உனக்குன்னு பேசி அனுப்பிக் கீறாங்க. நான் திரும்பிப் போறப்ப பதில் வாங்கினு வரச் சொன்னாங்க.”

“இன்னா கேக்கறாங்க பாய்?”

“நீ ரிப்பேர் பண்ண வண்டியப் பத்திதான் கேக்கறாங்க. அந்த டாங்கி அன்னிக்கு நின்னுபோச்சா, இல்ல ஓடிகினு இருந்துதான்னு கேக்கறாங்க.”

அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தவர்கள் இந்த உலகத்தில் இரண்டு பேர்தான். ஒருவர் யூசுப் பாய். இன்னொருவன் நான். மூன்றாவது ஆள் நீ, நீ இப்போது இந்த உலகத்தில் இல்லை.

உன் கதையை எங்கள் ஊர்க்காரர்களுக்கும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். நான் பஸ்ராவுக்குப் போனது புல்டோசர் மெக்கானிக்காக. சாலை போடுகிற கம்பெனி. வீட்டில் தறி அண்ணன் கைக்குப் போய்விட்டது, இளையவன் நான் ஸ்பேனரைப் பிடித்துவிட்டேன். போய் ஒரு வருஷத்தில் சண்டை வந்தது. எங்கள் பட்டறையில் பாதியை ராணுவம் எடுத்துக்கொண்டது. புல்டோசர் நின்ற இடத்தில் டாங்கி வந்து நின்றது. டாங்கியோடு நீ வந்தாய்.

நீ ஈராக் ராணுவத்தின் டாங்கி டிவிஷனில் பழைய டிரைவர். உன் டிவிஷன் போட்ட சண்டை எல்லாவற்றையும் எனக்கு டீ குடித்துக்கொண்டே சொல்லியிருக்கிறாய். ஆனால் எந்தச் சண்டையையும் ஜெயித்தோம் தோற்றோம் என்று சொல்ல மாட்டாய். எந்த வண்டி ஓடியது, எந்த வண்டி நின்றது, அவ்வளவுதான் உன் சரித்திரம். டிரைவர் புத்தி என்று நான் கேலி செய்வேன்.

எழுபத்து மூன்றில் நீ மீசை சரியாக முளைக்காத பையன். இஸ்ரேலோடு சிரியா சண்டை போடுகிறது, கூட நில்லுங்கள் என்று உங்களை அனுப்பினார்கள். டாங்கிகளை ஏற்றிப் போகிற டிரெய்லர் போதவில்லை. பாலைவனத்தில் டாங்கியின் இரும்புச் செயின் மேலேயே ஓட்டிக்கொண்டு போனீர்கள். வழி நெடுக வண்டிகள் படுத்தன. ஒன்றுக்கு எஞ்சின் கொதித்தது, ஒன்றுக்குச் செயின் அறுந்தது. நிற்காமல் போனவை நேராகக் கோலான் மேட்டில் போய் இறங்கின. எண்ணெய் ஊற்றக்கூட நேரம் கொடுக்கவில்லை என்றாய். மூன்று பக்கமும் எதிரி காத்திருந்த இடத்துக்குள் கண்ணை மூடிக்கொண்டு நுழைந்தீர்கள்.

“முன்னாடி போனதெல்லாம் எரிஞ்சுபோச்சு அபு ஹரீர். எங்க வண்டிக்கு வழியிலயே ரேடியேட்டர் பூட்ச்சு. நாங்க ரோட்டோரம் குந்தி வெங்காயம் தின்னுகினு இருந்தோம். வழியில நின்ன வண்டிக்காரன் எல்லாரும் இன்னிக்கும் உசுரோட கீறான்.”

இதை நீ ஒரு தடவை சொல்லவில்லை. திரும்பத் திரும்பச் சொன்னாய். நான் என்ன செய்தேன் தெரியுமா? ஒவ்வொரு தடவையும் அந்த ரேடியேட்டருக்கு என்ன ஆகியிருக்கும் என்று யோசித்தேன். நான் அங்கே இருந்திருந்தால் ஒரு வண்டியும் வழியில் நின்றிருக்காது என்றுகூட உன்னிடம் சொன்னேன். நீ சிரித்தாய். அந்தச் சிரிப்பை இப்போது நினைத்தால் எனக்குச் சோறு இறங்குவதில்லை.

அதற்கப்புறம் வடக்கே மலையில், உன் நாட்டுக்காரர்களான குர்துகளோடேயே சண்டை. அதைப் பற்றி நீ வாயைத் திறக்க மாட்டாய். “மலையில டாங்கிக்கு இன்னா வேலை” என்பாய், அதோடு சரி. பிறகு ஈரான். ஆற்றுக்கு அந்தப் பக்கம் இருந்த முஹம்மரா ஊரைப் பிடிக்கப் போனீர்கள். கோரம்ஷஹர் என்று எங்கள் பேப்பரில் போடுவார்கள். சந்துக்குள் டாங்கியை விட்டால் திரும்ப முடியாது, மாடியிலிருந்து நெருப்பைப் போடுகிறார்கள் என்று வந்து சொன்னாய். பிடித்தபோது அங்கே ஊர் என்று ஒன்றும் மிச்சமில்லை. அடுத்து காரூன் ஆற்றைத் தாண்டிப் போய் உட்கார்ந்தீர்கள். மறு வருஷம் அங்கிருந்து உங்களை விரட்டினார்கள். வண்டிகளை விட்டுவிட்டு ஓடிவந்தவர்களை உன் கண்ணால் பார்த்தாய். அப்படி வந்த சிலரை உங்கள் ஆபீசர்களே சுட்டதையும் பார்த்தாய். அதை என் காதோடு சொல்லிவிட்டு, யாராவது கேட்டார்களா என்று சுற்றும் முற்றும் பார்த்துக்கொண்டாய்.

அந்தக் குளிர் முடிகிற சமயத்தில்தான் உன் டாங்கி கிளட்ச் கருகிப்போய் எங்கள் பட்டறைக்கு வந்தது. திறந்து பார்த்தால் பிளேட்டுகள் அப்பளம் மாதிரி ஆகியிருந்தன. ஸ்பேர் பாக்தாத்திலிருந்து வரவேண்டும், வருகிறவரைக்கும் வண்டி இங்கேயே கிடக்கட்டும் என்று உன் ஆபீசர் சொல்லிவிட்டுப் போனார். நீ வண்டிக்குக் காவல். சாயங்காலம் ஆனால் அம்மா வீட்டுக்குப் போய் மீன் சாப்பிட்டுவிட்டு வருவாய். இரண்டு வாரத்தில் உனக்குத் தொப்பைகூட வந்தது.

நான் அந்தத் திறந்து கிடந்த கிளட்ச்சைத் தாண்டித்தான் தினமும் போகவேண்டியிருந்தது. என்னால் முடியவில்லை அண்ணே.

எங்கள் வீட்டில் ஒரு பழக்கம் உண்டு. பாவில் ஓர் இழை அறுந்தால் அதை முடிந்துவிட்டுத்தான் தறியை விட்டு எழுந்திருக்கவேண்டும். சோறு ஆறினாலும் சரி, வாசலில் விருந்தாளி நின்றாலும் சரி. அறுந்ததை அப்படியே விட்டால் புடவையில் அந்த இடத்தில் கோடு விழுந்துவிடும். சின்ன வயதில் நான் ஒருமுறை விட்டுவிட்டு விளையாடப் போனதற்கு அப்பா முட்டியில் ஒரு போடு போட்டார். தறியை விட்டு வந்துவிட்டேனே தவிர அந்தப் பழக்கம் என் உடம்பை விட்டுப் போகவில்லை. அறுந்து கிடப்பதைப் பார்த்தால் கை சும்மா இருக்காது.

புல்டோசர் கிளட்ச்சின் லைனிங்கைக் கழற்றினேன். உன் பிளேட்டின் அளவுக்கு வெட்டினேன், ரிவெட் அடித்தேன். யூசுப் பாய்தான் பிடித்துக்கொண்டார். நீ பக்கத்தில் ஒரு டின் மேல் உட்கார்ந்துகொண்டு பார்த்தாய்.

“வேலை எங்க ஓடிப் போவுது அபு ஹரீர்? டீ குடி. நாளைக்குப் பாத்துக்கலாம்.”

“இல்லண்ணே, கையோட முட்ச்சிட்றேன்.”

“நாளைக்குப் பாத்துக்கலாம்பா.”

யூசுப் பாய்கூட என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். “ஜல்தி இன்னாத்துக்குபா? அவரே வாணான்றாரு” என்றார். அவருக்குப் புரிந்திருக்கிறது. வேலையை மெதுவாகச் செய் என்று வாய்விட்டுச் சொன்னால் உன் கழுத்துக்குக் கயிறு வந்துவிடும். அதனால் நீ டீ என்றாய், நாளைக்கு என்றாய், கோலான் என்றாய், வெங்காயம் என்றாய். இதைவிட ஒரு மனிதன் எப்படிச் சொல்வான்? எனக்கு ஏன் புரியவில்லை?

வண்டியை ஸ்டார்ட் செய்து முற்றத்தில் ஒரு சுற்று ஓட்டினேன். கியர் வெண்ணெய் மாதிரி விழுந்தது. உன் ஆபீசர் ஓடிவந்து என் முதுகில் தட்டினார், ஹிந்தி, ஹிந்தி என்று சத்தம் போட்டார், இந்தியாக்காரன் என்று அர்த்தம். எனக்குத் தலைகால் புரியவில்லை. நீ கையில் இருந்த டீயை மணலில் ஊற்றிவிட்டு எழுந்து வந்தாய். என் நெற்றியில் முத்தம் கொடுத்தாய்.

“உன் கை நல்ல கைப்பா. அதான் பேஜாரு” என்றாய்.

பாராட்டு என்று நினைத்து இளித்துக்கொண்டு நின்றேன்.

உன்னை அனுப்ப உன் அம்மா வந்தார்கள். மகனுடைய வண்டி சரியாக இருந்தால் மகன் பத்திரமாக இருப்பான் என்று அவர்களுக்கு எண்ணம். எண்ணெய்க் கறை போகாத என் வலது கையைப் பிடித்து முத்தம் கொடுத்தார்கள். அழுக்கு அம்மா, அழுக்கு என்று நான் இழுத்துக்கொண்டேன், விடவில்லை. மடியில் பேரீச்சம்பழம் கட்டிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். நீ டாங்கி மேல் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தாய். அம்மாவிடமாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கக் கூடாதா?

கோடையில் முஹம்மராவை அவர்கள் திரும்பப் பிடித்தார்கள். உன் டிவிஷன் உடைந்துபோனது. கையைத் தூக்கியவர்கள் தூக்கினார்கள், மற்றவர்கள் ஆற்றில் குதித்தார்கள். நீ ஆற்றங்கரையில் பிறந்தவன், பேரீச்சந்தோப்பு வாய்க்காலில் நீந்தி வளர்ந்தவன், ஆறு உன்னை விட்டுவிடும் என்று நம்பியிருப்பாய். மூன்றாம் நாள் தோப்புக்காரர்கள் உன்னை எடுத்தார்கள். உடம்பில் ஒரு காயம் இல்லை.

உன் வண்டியில் குண்டு போடுகிற பையன் ஒருவன் நீந்திக் கரையேறினான். பிறகு பட்டறைக்கு வந்தபோது யூசுப் பாயிடம் தனியாகச் சொன்னான், பாய் அதை என்னிடம் சொன்னார். “வண்டி நல்லாத்தான் ஓடிகினு இருந்துச்சாம் ஏகாம்பரம். ஆத்தோரம் வந்து எஞ்சினக்கூட நிறுத்தாம எறங்கிட்டாராம்.” அந்தப் பையனும் அடுத்த சண்டையில் போய்விட்டான்.

எஞ்சினை ஏன் நிறுத்தவில்லை அண்ணே? நேரம் இல்லையா? இல்லை, நான் அவ்வளவு பாடுபட்டு ஓட வைத்தது ஓடட்டும் என்று விட்டாயா?

பாக்தாத்திலிருந்து வரவேண்டிய ஸ்பேர் பெட்டி வந்து சேர்ந்தபோது உன்னை நஜஃபில் அடக்கம் செய்தாகிவிட்டது. பெட்டியைத் திறந்து புதுப் பிளேட்டுகளைப் பார்த்தேன். நான் டீ குடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தால் அந்தக் கோடை முழுவதும் நீ பட்டறை முற்றத்தில் தொப்பையோடு இருந்திருப்பாய். இதற்குமேல் கணக்குப் பார்க்க என்னால் முடியவில்லை. உன் துக்க வீட்டில் கசப்புக் காப்பியைக் குடித்துவிட்டு, கிளட்ச் விஷயத்தைச் சொல்லாமல் எழுந்து வந்தேன். சீக்கிரமே ஊருக்கு வந்துவிட்டேன். இங்கே எல்லாரும் சண்டைக்குப் பயந்து வந்துவிட்டான் என்றார்கள். நானும் ஆமாம் என்றேன்.

இப்போது அந்தக் கேசட். வீட்டில் டேப் ரிக்கார்டரில் போட்டேன். உன் அம்மாவின் குரல் மெலிந்திருக்கிறது. “மகனே அபு ஹரீர், நான் உம்மு அப்பாஸ் பேசுகிறேன்” என்று ஆரம்பித்தார்கள். அப்பாஸின் அம்மா. உங்கள் ஊர் வழக்கம் அப்படி, நீ போன பிறகும் கடைத்தெருவில் அவர்களை உன் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுகிறார்கள்.

உன் தங்கை ஜைனப் கல்யாணத்துக்கு நிற்கிறாள். உன் பக்கத்தில் உட்கார்ந்து என் பெயரைச் சொல்லிப் பார்த்துச் சிரிப்பாளே, அவளேதான். ஒரு நல்ல இடம் வந்திருக்கிறது. மாப்பிள்ளையின் மாமன் உன் டிவிஷனில் இருந்தவர். காதில் விழுந்த பேச்சை வைத்து, ஓடுகிற டாங்கியை விட்டுவிட்டு ஆற்றில் குதித்தவன் தங்கையா என்று அவர் கேட்டுவிட்டார். பேச்சு அங்கேயே நிற்கிறது. வண்டி பழுதாகி நின்றுபோய், வேறு வழியில்லாமல் நீ இறங்கினாய் என்றால் அவர்களுக்கு ஆட்சேபணை இல்லையாம். பழுது பார்த்தவனே சொன்னால் நம்புவார்களாம்.

கடைசியில் உன் அம்மா சொன்னதுதான் என்னைக் கொல்கிறது. “பொய் சொல்லாதே மகனே. உனக்குத் தெரிந்ததை மட்டும் சொல். என் பிள்ளை ஓடிவந்திருந்தாலும் அவன் என் பிள்ளைதான். ஆனால் எனக்குத் தெரியவேண்டும்.”

என் மனைவி கஸ்தூரி பெரணமல்லூர்க்காரி. ஒரு வார்த்தை அரபி தெரியாது. ஆனால் கேசட் முடிகிறவரைக்கும் முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு கேட்டாள். பிறகு எல்லாவற்றையும் சொன்னேன்.

“ஒரு வார்த்தைல ஒரு பொண்ணோட வாழ்க்கை கீது. வண்டி நின்னுபோச்சுன்னு சொல்லிடுங்களேன்” என்றாள்.

“பொய் வாணான்னு சொல்றாங்களே. தாய் கேக்கறாங்கடி.”

“அதுக்காவா யோசிக்கிறீங்க? உங்க வேலை மோசம்னு உங்க வாயால சொல்லணுமேன்னு யோசிக்கிறீங்க.”

எனக்குக் கோபம் வந்துவிட்டது. சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய்விட்டேன். கடையில் பிரித்துப்போட்ட ஒரு பம்புசெட் எஞ்சின் முன்னால் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன். அவள் சொன்னது சரி அண்ணே. நீ போனது என்னால்தான் என்று இத்தனை வருஷமாக மனதுக்குள் அழுகிறவன் நான். ஆனால் அந்தக் கிளட்ச் நல்ல வேலை என்பதையும் இத்தனை வருஷமாக விட்டுக்கொடுக்கவில்லை. எஞ்சின் ஓடிக்கொண்டே இருந்ததாம் என்று யூசுப் பாய் சொன்ன அன்றைக்கு, உன் துக்கத்தின் நடுவிலும், என் வேலை நிற்கவில்லை என்று உள்ளே ஒரு மூலையில் எனக்குத் திருப்தியாக இருந்தது. இதை யாரிடமும் சொன்னதில்லை. என்னைப் போல ஒரு கேவலமான மனிதன் உண்டா?

வீட்டுக்கு வந்து புதுக் கேசட்டைப் போட்டு பட்டனை அழுத்தினேன். பக்கத்து அறையில் அண்ணன் நெய்துகொண்டிருந்தார். நிறுத்தச் சொல்லவா என்று கஸ்தூரி கேட்டாள். வேண்டாம், இருக்கட்டும் என்றேன். என் அரபி துருப்பிடித்துப் போயிருக்கிறது. இருந்தாலும் சொல்லவேண்டியதைச் சொன்னேன். அதை உனக்கும் தமிழில் எழுதிவிடுகிறேன்.

அம்மா, நான் அபு ஹரீர். அது டாங்கிக்கான லைனிங் இல்லை, புல்டோசரிலிருந்து கழற்றி வெட்டி வைத்தது. அது தாங்கவில்லை. வண்டி ஆற்றங்கரையில் நின்றுவிட்டது. அப்பாஸ் ஓடவில்லை. மாப்பிள்ளை வீட்டாருக்கு இந்தக் கேசட்டையே போட்டுக் காட்டுங்கள். ஸ்பேர் வருகிறவரைக்கும் காத்திருக்காமல் அவசரப்பட்டது நான்தான். என்னை அப்பாஸ் தடுத்தார், நான் கேட்கவில்லை. நீங்கள் முத்தம் கொடுத்தீர்களே, அந்தக் கைதான் உங்கள் பிள்ளையைக் கொன்றது.

பட்டனை நிறுத்தியபோது கஸ்தூரி என்ன சொன்னீர்கள் என்று கேட்டாள். முதல் பாதி பொய், மீதி நிஜம் என்றேன்.

வண்டி நின்றுவிட்டது என்று அரபியில் சொல்லும்போது எனக்குக் குரல் தடுமாறவே இல்லை. நிஜமாகவே நின்றிருக்கக் கூடாதா என்று நான் அத்தனை தடவை ஆசைப்பட்டிருக்கிறேன். ஆற்றங்கரையில் இல்லை, பட்டறை வாசலிலேயே. நீ ரோட்டோரம் குந்திக்கொண்டு வெங்காயம் தின்றிருப்பாய்.

யூசுப் பாய் வெள்ளிக்கிழமை கிளம்புகிறார். கேசட்டோடு ஜைனபுக்கு ஒரு பட்டும் போகிறது. அரக்கு நிறம், பச்சைக் கரை. பயப்படாதே, அது அண்ணன் நெய்தது, என் கை படவில்லை.

உன்னிடம் ஒரு சத்தியம் செய்கிறேன். இனி என் கடையில் எவனாவது வண்டியைத் திறந்துபோட்டுவிட்டு, நாளைக்குப் பார்த்துக்கொள்ளலாம், டீ குடி என்று சொன்னால், நான் ஸ்பேனரைக் கீழே வைத்துவிடுவேன். அவன் பக்கத்தில் உட்காருவேன். டீ ஆறுகிறவரைக்கும் அவன் முகத்தைப் பார்ப்பேன். எங்கே போகப் பயப்படுகிறாய் என்று கேட்பேன்.

உன் அம்மா முத்தம் கொடுத்த கையால் எழுதும்,
உன் தம்பி,
ஆரணி அபு ஹரீர்.